தோட்டமும் கடலும் ஒரே நாளில்: சுற்றுலா பஸ் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

விளம்பரத் தாளில் 'ஒரே நாளில் 7 இடங்கள்' என்று போட்டிருந்தால் மகிழ வேண்டாம், பென்சிலை எடுங்கள். காலை 8 மணிக்குக் கிளம்பி மாலை 6 மணிக்குத் திரும்பும் பஸ் என்றால் கையில் இருப்பது 10 மணி நேரம். போக வர 240 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கடலோரச் சாலை நெளிந்து நெளிந்து போவது. பெரிய பஸ் அதில் மணிக்கு 48 கிலோமீட்டர் நகர்ந்தாலே பெரிய விஷயம். ஐந்து மணி நேரம் அங்கேயே தீர்ந்தது. ஐம்பது பேர் இறங்க ஐந்து நிமிடம், ஏற ஐந்து நிமிடம். ஏழு நிறுத்தங்களுக்கு 70 நிமிடம். சாப்பாட்டுக்கு 45 நிமிடம். மிச்சம் 185 நிமிடம். அதை ஏழால் வகுத்தால் இடத்துக்கு 26 நிமிடம் வருகிறது. ஒரு தோட்டத்தை 26 நிமிடத்தில் பார்ப்பது, இலை போட்டதும் பந்தியிலிருந்து எழுந்துவிடுவதைப் போன்றது.

இந்தக் கணக்கை நான் இரண்டு பயணங்களைப் பாழாக்கிய பிறகுதான் போடக் கற்றுக்கொண்டேன். பஸ் சுற்றுலாவில் நேரம் நம்முடையதல்ல, அது ஓட்டுநருடையது. நம் கையில் இருப்பவை சில்லறை முடிவுகள்தான்: எந்தப் பயணத்தைத் தேர்வது, எந்தப் பக்கம் உட்காருவது, இறங்கியதும் எந்தத் திசையில் நடப்பது. அவற்றைச் சரியாக எடுத்தால் போதும்.

முதல் படி: நிறுத்தங்களை அல்ல, நிமிடங்களை வாங்குங்கள்

டிக்கெட் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "ஒவ்வொரு இடத்திலும் பஸ்ஸை விட்டு இறங்கி எவ்வளவு நேரம்?" திட்டத்தில் 'வழியில் காண்பது' என்று எழுதியிருந்தால் ஜன்னல் வழியாகப் பார்ப்பது என்று பொருள். 'புகைப்பட நிறுத்தம்' என்றால் பத்துப் பதினைந்து நிமிடம். 'பார்வையிடல்' என்றால்தான் கால் தரையில் படும். நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சேராவிட்டால் கட்டணச் சாளரத்தின் வரிசையில் நிற்கும் நேரமும் உங்கள் கணக்கில்தான் கழியும்.

என் அளவுகோல் இது: தோட்டம் ஒன்று, அதற்கு ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம், கடலோரத்தில் இரண்டு நிறுத்தங்கள், தலா 40 நிமிடம். இதற்கு மேல் திட்டத்தில் எது இருந்தாலும் அதை இலவச இணைப்பாக எண்ணிக்கொள்வேன். இரண்டு தோட்டங்கள் உள்ள பயணத்தைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுவேன். இரண்டாவது தோட்டத்துக்குள் நுழையும்போது கண் மழுங்கிப்போயிருக்கும். எந்தப் பூவைப் பார்த்தாலும் காலையில் பார்த்ததாகவே தோன்றும்.

சில நிறுத்தங்கள் அர்த்தமில்லாதவைபோலத் தெரியும்: நெடுஞ்சாலையோரம், பார்க்க எதுவுமில்லாத இடத்தில் முக்கால் மணி நேரம். எரிச்சல்படாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டிய ஓட்டுநர் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆகவேண்டும்; அதை 15, 30 என்று இரண்டாகப் பிரித்தும் எடுக்கலாம். ஒரு நாளில் ஓட்டும் நேரம் வழக்கமாக 9 மணியைத் தாண்டக்கூடாது. வேறு பல நாடுகளிலும் இதுபோன்ற வரம்பு உண்டு. கழிப்பறை, தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றையும் அந்த இடைவேளையிலேயே முடித்துக்கொள்பவருக்குத் தோட்டத்தில் அரை மணி நேரம் மிச்சம்.

இரண்டாம் படி: எந்த வாரம் என்பதைப் பூக்களிடம் கேளுங்கள்

கடல் எந்த மாதமும் கடல்தான். தோட்டம் அப்படியல்ல. வடகோளத்தின் குளிர்நாடுகளில் ரோடோடெண்ட்ரான் புதர்கள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை பூக்கும். ரோஜாவுக்கு ஜூன். ஹைட்ரேஞ்சியாவுக்கு ஜூலைக்குப் பிறகு. ஜூலை இறுதியில் 'உலகப் புகழ்பெற்ற ரோடோடெண்ட்ரான் தோட்டம்' பார்க்கப் போனால் இலைகளைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். தென்கோளத்தில் கணக்குத் தலைகீழ்: 1913-ல் தொடங்கப்பட்ட கேப் டவுனின் கிர்ஸ்டன்பாஷ் தாவரவியல் தோட்டத்தில் வசந்தகாலப் பூக்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் களைகட்டும். பெரிய தோட்டங்கள் இப்போது எது பூத்திருக்கிறது என்பதைத் தங்கள் இணையதளத்தில் போட்டுவிடுகின்றன. முன்பதிவுக்கு முன் ஐந்து நிமிடம் அதற்கு ஒதுக்குங்கள்.

கடலுக்குப் பருவம் பார்க்க வேண்டியதில்லை. ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரம், பார்க்க வேண்டும். ஒரு உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பெரும்பாலான கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் இந்த வேறுபாடு 16 மீட்டர் வரை போகும். அங்கே ஹோப்வெல் பாறைகளுக்கு நடுவே கடலடித் தரையில் காலாற நடக்கலாம். அதே இடத்தில் சில மணி நேரம் கழித்துப் படகில் போகிறார்கள். நேரம் தெரியாமல் போனவருக்குப் பாறைகளின் தலைகள் மட்டும் கிடைக்கும். மத்தியதரைக் கடலிலோ ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. அங்கே ஓத அட்டவணையைத் தேட வேண்டியதே இல்லை.

மூன்றாம் படி: கடல் எந்தப் பக்கம்?

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். பஸ்ஸில் ஐந்து மணி நேரம் உட்காரப்போகிறோம். அது முழுவதும் மலைச்சரிவின் கருங்கல்லைப் பார்த்துக்கொண்டே போவதா?

வரைபடத்தில் பாதையை விரலால் ஓட்டிப் பாருங்கள். ஒரு தீபகற்பத்தையோ தீவையோ கடிகார முள் செல்லும் திசையில் சுற்றினால் கடல் இடப்பக்கம். எதிர்த்திசையில் சுற்றினால் வலப்பக்கம். அயர்லாந்தின் ரிங் ஆஃப் கெர்ரி 179 கிலோமீட்டர் வட்டப்பாதை. குறுகிய சாலையில் இரண்டு பெரிய பஸ்கள் எதிரெதிரே மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காகச் சுற்றுலா பஸ்கள் எல்லாம் அங்கே கடிகாரத்துக்கு எதிர்த்திசையிலேயே போகின்றன. ஆகவே வலப்பக்க ஜன்னல். ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் ரோடு 243 கிலோமீட்டர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை வெட்டிய சாலை. டார்க்கீயிலிருந்து மேற்கே போகும்போது கடல் தெற்கில், அதாவது இடப்பக்கம். அங்கே வண்டிகள் இடப்பக்கமே ஓடுவதால் பஸ்ஸுக்கும் கடலுக்கும் நடுவே எதிர்வரும் வண்டிகள்கூட இல்லை. இத்தாலியின் அமால்ஃபிக் கரையில் சொரெண்டோ பக்கமிருந்து கிழக்கே போனால் வலப்பக்கம்.

போன வழியே திரும்பும் பயணமாக இருந்தால் காலையில் கடல் கிடைத்தவருக்கு மாலையில் மலைதான். எதிர்ப்பக்கத்தில் இருப்பவரிடம் காலையிலேயே பேசி வைத்துக்கொண்டு பாதி நாள் இடம் மாற்றிக்கொள்ளலாம். கேட்டு யாரும் மறுத்ததாக எனக்கு நினைவில்லை. கேட்காமல் மாறி உட்கார்ந்ததால் வந்த சண்டையைப் பார்த்திருக்கிறேன்.

வளைவுகளில் வயிறு புரட்டுபவர்களுக்கு விதி வேறு. கண் அசையாத இருக்கையைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ நாம் ஆடுகிறோம் என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டல். பின்சக்கரத்துக்கு அப்பால் இருக்கும் கடைசி வரிசைதான் அதிகம் தூக்கிப்போடும். முன்பக்கத்தில், சாலை தெரியும்படி உட்காருங்கள். தொலைவில் அசையாமல் நிற்கும் தொடுவானத்தைப் பாருங்கள். கைபேசியைப் பையில் போட்டுவிடுங்கள். மாத்திரை தேவைப்படுபவர்கள் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டால் பெரிதாகப் பயன் இராது. பல மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும் என்பதால் எது ஏற்றது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கடலைப் பார்க்கக் காசு கொடுத்துவிட்டுக் குறட்டை விடுவதில் லாபமில்லை.

ஜன்னல் வழியே படம் எடுப்பவர்களுக்கு ஒரு சொல்: லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், இடைவெளியைக் கையால் மூடுங்கள். இல்லையென்றால் படத்தில் கடலுக்கு நடுவே உங்கள் சட்டை தெரியும்.

நான்காம் படி: தோட்டத்தைக் கடைக்கோடியிலிருந்து தொடங்குங்கள்

பஸ் நின்றதும் ஐம்பது பேரும் வாசலுக்கு அருகிலிருக்கும் முதல் பூப்பாத்தியைச் சூழ்ந்துகொள்வார்கள். அதற்கு முன்னால் வந்த பஸ்ஸின் ஐம்பது பேர் இன்னும் அங்கேயேதான் இருப்பார்கள். அவர்களைச் சுற்றிக்கொண்டு நேராகத் தோட்டத்தின் கடைக்கோடிக்கு நடங்கள். கடலோரத் தோட்டமென்றால் அந்தக் கடைக்கோடி பெரும்பாலும் கடலைப் பார்த்த விளிம்பாக இருக்கும். அங்கிருந்து மெல்ல வாசலை நோக்கி வாருங்கள். நேரம் போதாமல் போனாலும் விட்டுப்போவது வாசலருகே இருக்கும் பாத்தி மட்டும்தான். அதைப் பஸ்ஸுக்குப் போகும் வழியில் எப்படியும் கடந்தே தீரவேண்டும். கடையும் சிற்றுண்டிச் சாலையும் கடைசி பத்து நிமிடத்துக்கு.

கடைக்கோடிக்கு அனுப்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடலோரத் தோட்டத்தின் உண்மையான வேலை அங்கேதான் நடக்கிறது.

கடற்காற்று வெறும் காற்றல்ல. உப்பைச் சுமந்து வருவது. அதன் முன்னால் மென்மையான எந்தச் செடியும் நிற்காது. ஆகவே கடலோரத்தில் தோட்டம் போட்டவர்கள் பூவை நடவில்லை. முதலில் சுவரை நட்டார்கள். ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில் இருக்கும் இன்வரியூ தோட்டம் மாஸ்கோவைவிட வடக்கே, 57.8 பாகை அட்சத்தில் இருக்கிறது. 1862-ல் ஆஸ்குட் மெக்கன்ஸி அதைத் தொடங்கியபோது அந்த நிலமுனையில் மரமென்று சொல்லும்படி எதுவுமில்லை. பைன் மரங்களை வரிசையாக நட்டுவிட்டு, அவை வளர்வதற்காகப் பதினைந்து இருபது ஆண்டுகள் காத்திருந்தார். அதன் பிறகுதான் உள்ளே வெப்பநாட்டுச் செடிகள் வந்தன. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் குளிரைத் தணித்தது. காற்றைத் தணித்தவை அந்த மரங்கள்.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால், சில்லித் தீவுகளில் ஒன்றான ட்ரெஸ்கோவில் அகஸ்டஸ் ஸ்மித் 1834-க்குப் பிறகு செய்ததும் இதுதான். அங்கே 1990 ஜனவரிப் புயலில் காற்றுத் தடுப்பு மரங்களில் பெரும்பகுதி சாய்ந்துவிட்டது. மறுபடி நட்டார்கள். வேறு வழி?

கல்சுவர் எழுப்பினால் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. காற்று சுவரில் மோதி மேலேறி, அந்தப் பக்கம் சுழன்று விழும்; அந்தச் சுழல்தான் செடியை முறிக்கும். பாதிக் காற்றை உள்ளே விட்டு பாதியைத் தடுக்கும் மரவரிசை அதைவிட மேல். தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தொலைவுக்கும் அப்பால் வரை அது காற்றைத் தணிக்கும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். விளிம்பில் நிற்கும் மரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் பக்கத்து இலைகளின் நுனி தீய்ந்து பழுப்பேறியிருக்கும். கிளைகள் யாரோ சீப்பால் வாரிவிட்டதைப்போல நிலத்தின் பக்கம் படிந்திருக்கும். அதே மரத்தின் மறுபக்கம் பச்சை. ஒரு முறை அப்படிப்பட்ட மரத்தின் இலையை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தேன். அப்பளப் பொரியல் தோற்றது. (எல்லா இலையையும் இப்படிச் சுவைக்காதீர்கள்; தோட்டத்தில் நச்சுச் செடிகளுக்கும் குறைவில்லை.) அங்கிருந்து உள்ளே இருபது அடி எடுத்து வையுங்கள். காதில் அறைந்துகொண்டிருந்த ஓசை திடீரென்று நின்றுவிடும். தலைக்கு மேலே மர உச்சிகள் ஆடிக்கொண்டிருக்கும், உங்கள் முன்னால் ஒரு மடல்கூட அசையாது. மரவரிசையைத் தாண்டும் அந்த இருபது அடிக்காகவே ஒரு கடலோரத் தோட்டத்துக்கு ஒரு நாள் பஸ்ஸில் போகலாம் என்பேன்.

பிறகு இலைகளைத் திருப்பிப் பாருங்கள். கடலுக்கு அருகே தாக்குப்பிடிக்கும் செடிகள் பெரும்பாலும் வெள்ளி நிறத்து மென்மயிர் போர்த்தியவை, மெழுகு பூசியதைப்போல் பளபளப்பவை, தரையோடு தரையாகப் படர்பவை. நெய்தல் நிலத்துக்கு நம் புலவர்கள் சொன்ன அடும்பு இப்படிப் படர்வதுதான்; வெப்பமண்டலக் கடற்கரைகள் பலவற்றில் அதை மணலில் காணலாம். புன்னையின் தடித்த இலையும் இதே கதையைத்தான் சொல்கிறது. ஹைட்ரேஞ்சியா நீலமாக இருந்தால் அங்கே மண் அமிலத்தன்மை உடையது, அதனால் வேர் அலுமினியத்தை எடுத்துக்கொள்கிறது. அதே வகை காரமண்ணில் இளஞ்சிவப்பாகப் பூக்கும். பெயர்ப்பலகைகளை எல்லாம் படிக்க முயலாதீர்கள். மூன்று செடிகளைத் தேர்ந்தெடுத்து, அவை இங்கே ஏன் உயிரோடு இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள்.

எல்லாத் தோட்டமும் கடலைத் தடுப்பதில்லை. ஜப்பானின் ககோஷிமாவில் 1658-ல் உருவான செங்கன்-என் தோட்டம், விரிகுடாவையும் அதற்கப்பால் புகை கக்கும் சகுராஜிமா எரிமலையையும் தன் காட்சிக்குள் இழுத்துக்கொள்கிறது. குளமும் குன்றும் செயற்கையாக வெட்டாமல் கண்ணெதிரே இருப்பதையே கடன் வாங்கும் கலை. இத்தகைய இடத்தில் நடப்பதைவிட, அமைத்தவர் எங்கே உட்கார்ந்து பார்க்கச் சொன்னாரோ அங்கே உட்காருவதே சரி. கனடாவின் புச்சார்ட் தோட்டத்தில் ஜென்னி புச்சார்ட், சுண்ணாம்புக்கல் தோண்டித் தீர்ந்த பள்ளத்தைப் பூந்தோட்டமாக்கினார். அங்கே பள்ளமே காற்றுத் தடுப்பு.

ஐந்தாம் படி: கடலோரத்தில் நாற்பது நிமிடம்

பகலில் நிலம் சூடேற ஏறக் கடற்காற்று வலுக்கும். முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். அதனால் காலையில் தோட்டம், பிற்பகலில் கடல் என்ற வரிசைதான் எனக்குப் பிடிக்கும்: காலையில் பூக்கள் ஆடாமல் நிற்கும், பிற்பகலில் அலைக்கு உயிர் வரும். மேற்குப் பார்த்த பாறைச்சுவர்களுக்கும் அப்போதுதான் வெயில் விழும். கிழக்குக் கரையானால் பிற்பகலில் பாறைகள் தம் நிழலிலேயே கறுத்துப்போயிருக்கும். அங்கே போகும் பயணம் காலையில் கடலைத் தொட்டால் நல்லது. காற்றுப்புகாத மேற்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். பஸ்ஸுக்குள் இருக்கும்போது அது தேவையென்றே தோன்றாது.

இறங்கியதும் முதல் ஐந்து நிமிடம் படம் எடுக்காதீர்கள். அலைகளை எண்ணுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சற்று அமைதி, பிறகு மறுபடி கூட்டம். அந்த ஒழுங்கு பிடிபட்ட பிறகு எப்போது படம் எடுப்பது என்று தெரிந்துவிடும். எந்தப் பாறையில் நிற்கக்கூடாது என்பதும் தெரிந்துவிடும். ஈரமாக இருக்கும் பாறைக்கு அலை வந்து போயிருக்கிறது, மறுபடியும் வரும்.

செங்குத்துப் பாறையின் விளிம்பு மேலிருந்து பார்க்க உறுதியாகத் தெரியும். அடியில் அலை குடைந்திருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. கிரேட் ஓஷன் ரோடில் இரட்டை வளைவாக நின்ற 'லண்டன் பிரிட்ஜ்' என்ற சுண்ணாம்புப் பாறையில் 1990 ஜனவரியில் கரையோடு இணைந்திருந்த வளைவு இடிந்து விழுந்தது. அப்போதுதான் அதைக் கடந்து அப்பால் போயிருந்த இருவர் கடலுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள், ஹெலிகாப்டர் வந்து மீட்டது. 'பன்னிரு அப்போஸ்தலர்கள்' என்ற பாறைத்தூண்களும் அதே சாலையில்தான் உள்ளன. பெயர்தான் பன்னிரண்டு, இருந்தவை அதைவிடக் குறைவு. 2005 ஜூலையில் அவற்றிலும் ஒன்று நொறுங்கிக் குவியலாகிவிட்டது. வேலி போட்டிருக்கும் இடத்தில் வேலிக்கு இப்பால் நில்லுங்கள். கைபேசியை முன்னால் நீட்டிக்கொண்டு பின்னோக்கி நடப்பவர்களை அதட்டி நிறுத்துவதில் தவறே இல்லை.

ஆறாம் படி: உங்கள் பஸ் எது?

சிரிக்காதீர்கள். ஒரு பிரபலமான கடலோர நிறுத்தத்தில் ஒரே நிறத்தில் பதினோரு பஸ்கள் நின்றன. நான் ஏறி, என் இருக்கையில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் பணிவாக அது என் இடம் என்றேன். அவர் அதைவிடப் பணிவாக, தான் காலையிலிருந்து அங்கேதான் இருப்பதாகச் சொன்னார். என் பஸ்ஸில் ஐம்பது பேர் எட்டு நிமிடம் எனக்காகக் காத்திருந்தார்கள். ஏறியபோது அவர்கள் கைதட்டியது பாராட்டுக்காக அல்ல. இப்போதெல்லாம் முதல் நிறுத்தத்திலேயே பஸ்ஸின் பதிவெண்ணைப் படம் எடுத்துக்கொள்கிறேன். திரும்ப வேண்டிய நேரத்தை வழிகாட்டி சொன்னதும் அதற்குப் பத்து நிமிடம் முன்னதாக அலாரம் வைத்துவிடுகிறேன். 'நாற்பது நிமிடம்' என்று சொன்னால் எந்த மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். இறங்கிய நேரம் ஒவ்வொருவருக்கும் ஒன்று.

விதை, கிளை, கிழங்கு எதையும் பறித்துப் பையில் போடாதீர்கள். நாட்டின் எல்லையைத் தாண்டும்போது பல நாடுகளில் அது சட்டச் சிக்கல். எல்லைக்குள்ளும் அது திருட்டுதான்.

மாலையில் பஸ் திரும்பும்போது பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். காலையில் மலைப்பக்கம் உட்கார்ந்தவருக்கு இப்போது கடல். இறங்கும் முன் இருக்கைக்கு முன்னாலுள்ள வலைப்பையில் கைவிட்டுத் துழாவுங்கள். மறந்துபோன பொருட்களெல்லாம் அங்கேதான் இருக்கும். அறைக்குப் போனதும் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துவிடாதீர்கள். நாள் முழுவதும் காற்று கொண்டுவந்த உப்புத் துகள் அதில் ஒட்டியிருக்கும், தேய்த்தால் கீறல் விழும். முதலில் குழாய் நீரில் நன்றாகக் கழுவுங்கள், பிறகு துடைக்கலாம்.